நூலகர் சொல்லாத பெயர்

மதியச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றின் பின்கட்டில், பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊறுகாய் எடுக்க எழுந்த கருத்தம்மாள், பைகள் மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு புத்தகம் கிடப்பதைப் பார்த்து எடுத்தாள். மெல்லிய புத்தகம். உள்ளே நூலக முத்திரை இருந்தது. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தவள், சூடு பட்டதைப் போல அதைக் கீழே போட்டாள்.

"ஏட்டி, இது யாருது? குஷ்டத்தைப் பத்தில்ல எழுதியிருக்கு!"

சிரிப்பும் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றன. பரிபூரணம் கையில் எடுத்த சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

புத்தகம் அவள் எடுத்து வந்ததுதான். செட்டியார்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள் அவள். வயது இருபத்து நான்கு. இரண்டு மாதமாக இடது முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. ஊக்கால் குத்திப் பார்த்தாள், வலி தெரியவில்லை. வீட்டில் சொல்லப் பயம், டாக்டரிடம் போக அதைவிடப் பயம். கம்பெனிக்குப் பக்கத்து நூலகத்தில் மட்டும்தான் யாரும் 'எதுக்கு' என்று கேட்கவில்லை.

சேதி சூப்பர்வைசர் உக்கிரபாண்டியின் காதுக்கு எட்டியது. பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் அவர். கெட்ட மனிதர் அல்ல, ஆனால் தன் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று நினைக்கிறவர்.

"இங்க சுத்துற துணி ஆஸ்பத்திரிக்குப் போவுது. யாருக்கு இந்தச் சீக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னைக்கே கண்டுபிடிக்கேன். இல்லன்னா நாளைக்குக் காலையில அம்புட்டுப் பேரும் வாசல்ல வரிசையா நின்னு கையைக் காட்டணும்."

அன்று சாயங்காலம் பரிபூரணம் பஸ் ஏறவில்லை. நூலகத்துக்கு ஓடினாள். நூலகரின் காலில் விழுந்தாவது தன் பெயரை மறைக்கச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஆனால் அவள் போய்ச் சேர்ந்தபோது உக்கிரபாண்டியின் மொபெட் ஏற்கெனவே வாசலில் நின்றது. பத்திரிகை மேசைப் பக்கமாக நுழைந்து, ஒரு நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எழுத்து ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை.

நூலகர் சங்கரலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். காலையில் பஸ்ஸில் வந்து இரவு பஸ்ஸில் திரும்புகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் முன்னால் உக்கிரபாண்டி அந்தப் புத்தகத்தைப் பட்டென்று வைத்தார்.

"சார், இதை எடுத்துட்டுப் போனது யாரு?"

சங்கரலிங்கம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்துச் சீட்டில் திருப்பித் தர வேண்டிய தேதி மட்டும் இருந்தது. பெயர் அதில் இருப்பதில்லை. அது மேசை மேலிருந்த நீளமான மரப்பெட்டிக்குள், வாசகர் அட்டையில் இருந்தது.

"திரும்பி வந்ததா வரவு வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. கொண்டாந்து குடுத்ததுக்கு நன்றி."

"நான் பேரைக் கேட்டேன்."

"பேரு சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது? புண்ணு மேல கட்டுற துணி சார். நாலு பேரு உசுரு."

"கொலைக் கதை படிக்கிறவன் எல்லாம் கொலைகாரனா அண்ணாச்சி? படிச்சவங்களுக்குச் சீக்குன்னு யாரு சொன்னா? சரி, சீக்குன்னே வைங்க. தெரிஞ்சுக்கிடணும்னு இங்க வந்திருக்காங்க. இங்கருந்து பேரு வெளியே போவுதுன்னா நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டாங்க. மறைச்சு வச்சுக்கிட்டே உங்க துணியைச் சுத்துவாங்க. அது பரவாயில்லையா?"

உக்கிரபாண்டியின் கோபம் வேறு வழியில் வந்தது.

"இந்தக் கட்டடம் எங்க மொதலாளி வாடகைக்கு விட்டது. ஒரு வார்த்தை சொன்னேன்னா இந்த மாசமே காலி பண்ணணும். தெரியும்ல?"

"தெரியும். காலி பண்ணச் சொன்னா புஸ்தகத்தை வண்டியில ஏத்துவேன். இந்தப் பெட்டியை மட்டும் என் மடியில வச்சுக் கொண்டு போவேன்."

அந்த நேரத்தில் சங்கரலிங்கத்தின் மனதில் இன்னொன்றும் ஓடியது. அதே பெட்டியில், பரிபூரணத்தின் அட்டைக்கு நாலைந்து அட்டை தள்ளி, உக்கிரபாண்டியின் மகள் இசக்கியம்மாளின் அட்டையும் இருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் அடிபட்டு, எட்டு மாதமாகப் பிறந்த வீட்டில் இருக்கும் பெண். பெண்களுக்கான சட்டத்தைப் பற்றிய புத்தகத்தை மூன்றாவது தடவையாக எடுத்துப் போயிருந்தாள். 'உங்க வீட்டுல என்ன படிக்காங்கன்னு தெரியுமா?' என்று ஒரு வார்த்தை போதும், இந்த மனிதரின் வாயை அடைத்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். பெட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்தார்.

உக்கிரபாண்டி விறுவிறுவென்று வெளியேறினார். நாளிதழுக்குப் பின்னால் பரிபூரணம் சத்தம் வராமல் அழுதாள். சங்கரலிங்கம் அவள் இருந்த பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கவனித்துவிடக் கூடாது என்றுதான் அவர் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்த உக்கிரபாண்டி சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் பொருமினார்.

"அந்த லைப்ரரிக்காரன் ஒரு பேரைச் சொல்ல மாட்டேங்கான். என்னமோ அரசாங்க ரகசியம் மாதிரி பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். நாளைக்கு மொதலாளிட்ட சொல்லி எடத்தைக் காலி பண்ண வைக்கேன் பாரு."

அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் வந்து நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் புருசன் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவாகியிருந்தது. அவளைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல.

"யப்பா, அந்தப் பெட்டியில எம் பேரும் இருக்கு."

"என்னட்டி சொல்லுத?"

"புருசங்கிட்ட இருந்து சட்டப்படி விலகுறது எப்படின்னு ஒரு புஸ்தகம். அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க அம்புட்டுப் பேசுனப்பவும் அவிய நெனச்சிருந்தா இதைச் சொல்லி ஒங்களைத் தலைகுனிய வச்சிருக்கலாம். சொல்லலியே." அவள் குரல் உடைந்தது. "வெள்ளிக்கெழமை என்னைக் கொண்டுபோய் விட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு ஒங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. புஸ்தகம் எடுக்கப் பயமா இல்ல. ஏன்னா அங்க கேக்க மாட்டாங்க, வெளியவும் சொல்ல மாட்டாங்க."

உக்கிரபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பெற்ற மகள் தன்னிடம் சொல்ல முடியாததை ஒரு மரப்பெட்டியை நம்பி வைத்திருக்கிறாள். அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

"வெள்ளிக்கெழமை எங்கயும் போக வேண்டாம் தாயி," என்றார் கடைசியில்.

மறுநாள் காலை பெண்கள் பயந்துகொண்டே வாசலில் வரிசையாக நின்றார்கள். உக்கிரபாண்டி வந்தார். யாருடைய கையையும் பார்க்கவில்லை.

"எல்லாரும் உள்ள போங்க. டாக்டரைப் பாக்கணும்னா யாரும் அரை நாள் லீவு எடுத்துக்கிடலாம். எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். யாரும் யாரையும் கேக்கவும் கூடாது."

பத்து மணிக்கு நூலகத்துக்குப் போனார். "எம் மகளைப் பத்தித் தெரிஞ்சும் வாயைத் திறக்கல சார் நீங்க. எப்படி நன்றி சொல்லுறதுன்னு தெரியல" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு யாரைப் பத்தியும் எதுவும் தெரியாது அண்ணாச்சி," என்றார் சங்கரலிங்கம். அப்போதும் சொல்லவில்லை.

பரிபூரணம் அந்த வாரமே அரை நாள் லீவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ஆரம்பநிலைதான், மற்றவர்களுக்குப் பரவாத வகை, வேலையை விட வேண்டியதில்லை என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். கடைசி மாத்திரையும் முடிந்த மறுநாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நூலகத்துக்கு வந்தாள்.

"சார், எனக்குக் கொணமாயிருச்சு. அன்னைக்கு நீங்க எம் பேரைச் சொல்லியிருந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன். கிணத்துக்குத்தான் போயிருப்பேன்."

"நல்லா இரு தாயி."

"ஒரு உதவி சார். எங்க கம்பெனியிலயே இன்னொரு பிள்ளை தேமலை மறைச்சுக்கிட்டுப் பயந்து கெடக்கா. இனிமே அந்தப் புஸ்தகத்தை யாரு எடுத்தாலும் எம் பேரைச் சொல்லி எங்கிட்ட அனுப்புங்க. எனக்கு இப்பக் கூச்சம் இல்ல."

சங்கரலிங்கம் சிரித்தபடியே தலையசைத்து மறுத்தார்.

"அப்படி அனுப்புனா அவங்க என்ன எடுத்தாங்கன்னு ஒனக்குத் தெரிஞ்சு போயிருமே. ஒன் கதையை நீயே போய் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு. ஒருத்தரு என்ன படிக்காரு, எதுக்குப் படிக்காருங்கிறது அவருக்கு மட்டுமே சொந்தம். ஒன் கதை ஒன் வாயால வந்தா தைரியம். என் வாயால வந்தா துரோகம்."

பரிபூரணம் இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கக் கம்பெனியை நோக்கி நடந்தாள்.