மிச்சம் ஆறு நாள்

ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் கலைமதிக்கு எட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை. முதன்முறையாக வெளிநாட்டுப் பயணம் வாய்த்தது: ஜெர்மனியில் ஆறு நாள் பயிற்சி, செக் நாட்டில் நாலு நாள் வாடிக்கையாளர் சந்திப்பு. கூட வருபவர் மேனேஜர் தேவராஜன். ஐரோப்பா போய்வருவது அவருக்குக் குன்றத்தூர் போய்வருகிற மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் அவள் தலையாட்டியிருந்தாள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, படிவம் நிரப்பச் சொல்லித் தன் பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுத்தார். விசா கைக்கு வந்த நாள் முதல் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தவள், சும்மா இருக்கமாட்டாமல் அவர் பக்கங்களையும் புரட்டினாள். போன முறை ஜெர்மனியில் புது உற்பத்தி லைன் போட ஐம்பத்தொரு நாள். அதற்குப் பிறகு செக்கில் முப்பத்து மூன்று. எல்லாம் கடந்த நாலு மாதத்துக்குள். ஆக எண்பத்து நாலு. விசா விதிப்படி நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் அங்கே இருக்க அனுமதி. மிச்சம் ஆறு நாள். பயணமோ பத்து நாள்.

பிள்ளைப்பாக்கத்து வீட்டில் சாப்பிடும்போது கணவன் பிரசாந்திடம் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லாம வுட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டான்.

"திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்ல புடிப்பாங்க. அடுத்த விசா கிடைக்கிறதே கஷ்டமாயிடும்."

"சொன்னா?"

"செக்குக்கு நான் தனியா போவணும்."

பிரசாந்த் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "அப்ப உன் பயம் அவருக்காக இல்ல."

உண்மை என்பதால் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் சொல்லிவிட்டாள். தேவராஜன் சிரித்தார். "ஒவ்வொரு நாட்டுக்கும் தொண்ணூறு நாள்மா. எத்தினி வாட்டி போயிட்டு வந்துகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நாட்டுக்கு நாடு தனியா இல்ல சார். எல்லாம் சேர்ந்து ஒரே வூடு மாதிரி. ஹால்ல இருந்தாலும் சமையக்கட்டுல இருந்தாலும் வூட்ல இருந்த கணக்குதான்."

அவர் டிராவல் ஏஜென்டுக்குப் போன் போட்டார். கேட்கக் கேட்கச் சிரிப்பு சுருங்கியது. போனை வைத்துவிட்டு, டேபிள் காலண்டரைத் தானே ஒருமுறை விரல் வைத்து எண்ணினார்.

"ஜெர்மனி வரைக்கும் வரேன். செக்ல நீயே பேசிடு."

"எனக்கு இங்கிலீஷே தடுமாறும் சார்."

"ரப்பர பத்தி தடுமாற மாட்ட."

ஆறாம் நாள் அவர் பிராங்க்பர்ட்டில் விமானம் ஏறப் போக, அவள் செக் நாட்டுக்கு ரயில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவேயில்லை; ஸ்டேஷன் பலகைகளில் எழுத்துதான் மாறியிருந்தது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

குளிரில் பட்டை விட்டுப்போகிறது என்பது வாடிக்கையாளரின் புகார். மறுநாள் கலைமதி மீட்டிங் அறையில் பேசிப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை. எழுந்து லைனுக்கே போய், ஒரு கதவில் பட்டையைத் தன் கையால் ஒட்டிக் காட்டினாள். அவர்கள் ஒட்டும்போது மூலையில் அழுத்தம் போதவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. புகாரை அன்றே முடித்துவைத்தார்கள்.

சாயங்காலம் தேவராஜன் ஒரகடத்திலிருந்து கூப்பிட்டார். "ஏர்போர்ட்ல ஆபீசர் என் பாஸ்போர்ட்ட அஞ்சு நிமிஷம் பாத்துகினே இருந்தாரும்மா. இன்னையோட தொண்ணூறுன்னு சொல்லிட்டுத்தான் வுட்டாரு."

"நல்லவேளை சார்."

"புகார் முடிஞ்சுதாமே. அடுத்த மாசம் ஹங்கேரி மீட்டிங் ஒண்ணு கீது. எனக்கு நாள் இல்ல. நீ போறியா?"

கலைமதி தன் விசாவை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஒரு தடவைதான் நுழையலாம் என்று போட்டிருந்தது.

"புது விசா எடுத்துக் குடுங்க சார், போறேன்," என்றாள்.