இரைச்சல் நின்ற கிட்டார்

யாசிங்குக்குக் கரண்ட் என்றால் குலை நடுங்கும். ஆனால் லே டவுனுக்குக் கிழக்கே இந்தக் கடற்கரையில் யார் மலிவு விலையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாலும், அது தேறுமா தேறாதா என்று கேட்க அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடவுள் சில பேரை இப்படித்தான் மாட்டிவிடுவார். ரப்பர் செருப்பு போட்டு, காய்ந்த பலகை மேல் ஏறி நின்று, சட்டையில் கையைத் துடைத்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் துடைத்து, அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சொருகுவான். ஊர் அவனுக்குச் செருப்பு டாக்டர் என்று பேர் வைத்திருந்தது. சிரிப்பவர்களுக்கு என்ன வந்தது? பள்ளிக்கூட மைதானக் கச்சேரியில் கூட்டாளி சைலஸ் கரண்ட் அடித்து, பேஸ் கிட்டாரைப் பிடித்த கை விடாமல் விறைத்து நின்று செத்ததை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். யாசிங் பக்கத்தில் நின்று வாசித்தவன். சைலஸின் உதடு மைக்கில் ஒட்டியிருந்தது. பாட்டில் சொக்கிப்போய் நிற்கிறான் என்றுதான் இவன் முதலில் நினைத்தான்.

அன்றோடு மேடை ஏறுவதை விட்டான். கிட்டாரை விட முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் கெடிசா புதுக் கிட்டாரோடு வந்தான். கெடிசா, யாசிங்கின் தங்கை மேலிங்கைக் கட்டியவன். கதை சொல்கிற எனக்கு அவன் மச்சான் முறை இல்லை, அதனால் பேரைத் தாராளமாகச் சொல்லலாம். யாசிங் சொல்ல முடியாது. இங்கே மச்சான் பேர் மச்சானின் வாயில் வரக்கூடாது. வந்துவிட்டால் ஊர் கூடி நிற்கும் இடத்தில் தலை குனிய வேண்டும், பன்றி அடித்து ஊருக்கு விருந்து போட வேண்டும், அப்புறமும் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"மச்சான், ஒரு சீக்காளியைக் கொண்டுவந்திருக்கேன். பார்த்துச் சொல்லுங்க."

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"மார்க்கெட்டுக்கு எதிர்க்கடை. அரிசி மூட்டைக்குப் பின்னாடி சாத்தி வச்சிருந்தான்."

"பேசாம அரிசியே வாங்கியிருக்கலாம்."

யாசிங் கிட்டாரைத் தூக்கிக் கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கழுத்து நேராக இருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினான். குறுக்குக் கம்பிகளின் முனைகள் முள் மாதிரி குத்தின. அரத்தால் இழைத்தால் போய்விடும். முறுக்காணிகளைத் திருகிச் சுருதி கூட்டி, கம்பிகளை முரட்டுத்தனமாக இழுத்துவிட்டு மறுபடி தட்டினான். ஒரு கம்பி மட்டும் இறங்கியது. உடம்பை விரல் முட்டியால் தட்டினான். ஒற்றை மரம் இல்லை, ஒட்டுப்பலகை. அதை மறைக்கச் சிவப்புப் பெயின்ட்டைத் தடித்தடியாக அப்பியிருந்தார்கள்.

"என்ன மச்சான், சாமி கும்பிடுற மாதிரி பார்க்கிறீங்க?"

"இதுக்கு மேலதான் கும்பிடணும்" என்று யாசிங் செருப்பை மாட்டிக்கொண்டு பலகை மேல் ஏறினான்.

சத்தத்தைப் பெருக்கும் தன் சின்ன ஆம்பில் சொருகினான். ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். நல்ல கிட்டாராக இருந்தால் கம்பியில் கை பட்டதும் அந்த இரைச்சல் அடங்கும். கம்பியிலிருந்து உள்ளே ஒரு எர்த் வயர் போகும், அது ஆம்பின் இரும்புப் பெட்டியோடு சேரும். இவன் கை வைத்தான். இரைச்சல் அடங்கவில்லை.

"நேத்து சாயங்காலம் சர்ச்சுல எங்க பாண்டு ஆம்ப்லயும் இதே கதைதான். பாஸ்டர் வெளியே வந்து, மோட்டார் படகு எதுவும் வருதானு கடலைப் பார்த்தார்" என்றான் கெடிசா.

"ஷாக் எதுவும் அடிச்சுதா?"

"ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு வாசிச்சேன் மச்சான். ஒரு கொசு கூடக் கடிக்கல. உங்க செருப்பை ஏலம் போட்டுடலாம்."

யாசிங்குக்கு நிம்மதி. கம்பிகள் கோத்திருந்த தகட்டைக் கழற்றினான். நினைத்தது சரிதான். எர்த் வயரின் நுனியைப் பெயின்ட் மேலேயே மடக்கிவிட்டு, அதன் மேல் தகட்டை முடுக்கியிருந்தார்கள். வயர் இருந்தது, இரும்பைத் தொடவில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, தகட்டின் அடியையும் தேய்த்து, வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மறுபடி சொருகிக் கம்பியைத் தொட்டதும் சத்தம் துடைத்துவிட்டது போல் நின்றது.

பிறகு வாசித்துப் பார்த்தான். கம்பிச் சத்தத்தைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பில் பின்பக்கத்தது தகர டப்பா. முன்பக்கத்து பிக்கப்புக்கு மாற்றியதும் அவனுக்கே ஆச்சரியம். அடிக்கம்பி தடித்து வந்தது, மேல்கம்பி இழைந்தது, விட்ட பிறகும் நின்று பாடியது.

"தேறும் மச்சான். வாங்கின விலைக்கு மேலேயே பாடுது. பின்பக்கத்துப் பொத்தானை மட்டும் மறந்துடுங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் சர்ச் கூரைக்காக மதியம் கச்சேரி. கெடிசா கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு லாரிக்கு ஓடினான். யாசிங் ஒரு பாக்கைப் பிளந்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மழை தூறத் தொடங்கியபோது மேலிங் வந்தாள். மாசமாக இருப்பவள், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்து உட்கார்ந்து, பின்னல் பையிலிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த வாழைக்காயை எடுத்து வைத்தாள். பையின் வாரில் ஒரு பித்தளைத் துண்டு தொங்கியது.

"அது என்ன புது நகை?"

"அவர் கொடுத்தார். மினுமினுன்னு இருக்குல்ல?"

யாசிங் குனிந்து பார்த்தான். பிளக்கின் எர்த் முள். குறடால் கடித்து முறித்த தடம் அப்படியே இருந்தது.

"இது எதிலிருந்து வந்துச்சு மேலிங்?"

"அவங்க பாண்டு ஆம்ப்ல இருந்து. சர்ச் கரண்ட் பலகையில மூணாவது ஓட்டை உருகிப் போச்சாம், முள்ளு நுழையல. செருப்பு டாக்டரைக் கேட்காம நானே வைத்தியம் பண்ணிட்டேன்னு ஒரே பெருமை."

"ஆம்ப் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் பாடுது. பெட்டியைத் தொட்டா மட்டும் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்காம். காய்ஞ்ச துணியைச் சுத்திக்கிட்டுத் திருகுறாங்க. மழைக்காலம்ல, அதான்னு சொன்னார்."

யாசிங்கின் வாயிலிருந்த பாக்கு அப்படியே நின்றது. எறும்பு இல்லை அது. பெட்டிக்குள் எங்கேயோ வயர் இரும்பில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கரண்டு மண்ணுக்குள் போவதற்கு இருந்த ஒரே வழியை மச்சான் குறடால் கடித்து, பெண்டாட்டி பையில் மாட்டிவிட்டிருக்கிறான். நேற்று ஈரத் தரையில் நின்று வாசித்தும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நேற்று கம்பிக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரனின் தடித்த பெயின்ட் அவனைக் காப்பாற்றியது. அதைச் சுரண்டி எடுத்தது யார்? ஈயம் வைத்துப் பற்றவைத்தது யார்?

பாக்கைத் துப்பிவிட்டு எழுந்தான். "போன் பண்ணு. அவருக்குப் போன் பண்ணு!"

மேலிங் பையைத் தட்டிக் காட்டினாள். "போன் இங்கதான இருக்கு. மழையில நனையும்னு எங்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டார். என்ன ஆச்சுண்ணே? ஏன் இப்படி வெளிறிப் போறே?"

விஷயத்தைச் சொன்னால் அவளும் ஓடி வருவாள், அந்த வயிற்றோடு. "ஒண்ணுமில்ல, இங்கேயே இரு" என்று சொல்லும்போதே கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டான்.

லாரி போய்விட்டது. கடற்கரையோடு ஓடினான். தூறல் மழையாகிவிட்டது. மழை அவனை நனைக்கிறது என்றால் அங்கே புல்லையும் நனைக்கிறது, இது ஒன்றுதான் அவன் மண்டைக்குள் ஓடியது. சைலஸின் உதடு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் போகிற ஞாபகமா அது? கண்ணைத் திறந்துகொண்டு ஓடினாலும் எதிரே நின்றது. ஆற்று முகத்தில் இடுப்பளவு தண்ணீர். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. மற்றதை அவனே உதறி எறிந்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கரண்ட் இருக்கும் இடத்துக்கு வெறுங்காலோடு போகிறோம் என்பது அக்கரை ஏறிய பிறகுதான் உறைத்தது. திரும்பிவிடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன்.

தென்னைகளுக்கு அப்பால் கிட்டார் சத்தம் கேட்டது. துளி இரைச்சல் இல்லை. அடிக்கம்பி தடித்து, மேல்கம்பி இழைந்து, காலையில் அவன் மெச்சிய அதே சத்தம். அவ்வளவு சுத்தமாகக் கேட்கக் கேட்க அவனுக்குப் பயம் ஏறியது. இரையேன், சனியனே, இரையேன் என்று ஓடிக்கொண்டே திட்டினான்.

மைதானம் நிறைய ஜனம். மழை விட்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பலகை மேடை காய்ந்து கிடந்தது. அதன் மேல் கெடிசா கிட்டாரோடு வெறுங்காலில் நின்று முன்வாசிப்பை முடித்துக்கொண்டிருந்தான். பலகை காய்ந்திருக்கும் வரை பயமில்லை. ஆனால் பாடுகிறவன் ஆடுகிறவர்களோடு நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மைக்கை மேடைக்குக் கீழே, நனைந்த புல்லில் நட்டு வைத்திருந்தார்கள். அது அந்த ஊர் சர்ச்சின் சொந்த ஸ்பீக்கரில் மாட்டிய மைக், எர்த் ஒழுங்காக இருப்பது. அங்கே போய் நின்று, கம்பியில் கையும் மைக்கில் வாயும் வைக்கப் போகிறான், கரண்டு அவன் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்குப் போகும்.

கெடிசா படியை நோக்கி நடந்தான்.

"மச்சான்!" என்று யாசிங் கத்தினான். "மச்சான், நில்லுங்க! இறங்காதீங்க!"

கூட்டத்தில் ஒரு பாதி திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? இந்த ஊருக்குத்தான் அவன் ஊர்க்காரர்கள் பெண் கொடுத்து, பெண் எடுத்திருக்கிறார்கள். அங்கே நின்ற ஆம்பிளைகளில் பாதிப் பேர் யாருக்காவது மச்சான்.

"என்ன மச்சான், நீச்சலடிச்சே வந்துட்டீங்களா?" என்று ஒருவன் சிரித்தான்.

"செருப்பு எங்க டாக்டர்?" என்றான் இன்னொருவன், பாக்கை நீட்டியபடி.

திரும்ப வேண்டியவன் மட்டும் திரும்பவில்லை. தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு, கம்பிகளை அழுத்திப் பிடித்தபடி, படியின் விளிம்புக்கு வந்துவிட்டான். ஒரு காலைத் தூக்கினான்.

யாசிங் வாயைத் திறந்தான். அந்தப் பேர் அவன் நாக்கில் ஒரு தடவை கூட உட்கார்ந்ததில்லை. பெரியவர்கள் நிற்கிறார்கள், பாஸ்டர் நிற்கிறார், ஊரே நிற்கிறது.

"கெடிசா!"

டிரம் நின்றது. பாக்கு மென்ற வாய்கள் நின்றன. யாரோ ஒரு கிழவர் தலையில் கை வைத்தார்.

"கெடிசா, இறங்காதடா! கம்பியை விடு! கையை எடுடா!"

தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, கெடிசா அவனைப் பார்த்தான். கன்னத்தில் அறை வாங்கியவன் முகம். கை தானாகக் கம்பியிலிருந்து விழுந்தது.

"வாரைப் பிடிச்சுக் கழட்டு. இரும்பைத் தொடாதே. பலகையில வை."

கெடிசா துணி வாரைத் தலைக்கு மேல் கழற்றிக் கிட்டாரை மேடை விளிம்பில் வைத்தான். அதற்குள் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. பேரைச் சொல்லிவிட்டான், சபையில் சொல்லிவிட்டான், டா வேறு போட்டான். கிழவர் கைத்தடியை ஊன்றி முன்னே வந்தார்.

"மச்சான் பேரை ஊர் நடுவுல கூவுறியே, குடிச்சிருக்கியா?"

ஒருவேளை நம் கணக்குத் தப்போ என்று யாசிங்குக்கு அப்போதுதான் தோன்றியது. அந்தப் பயம் வேறு சேர்ந்துகொண்டது. இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்தான். நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்று, பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்து, நுனியை அடிக்கம்பியில் வைத்தான். பிறகு, வேறு வழியில்லாமல், பெருவிரலை டெஸ்டரின் தலையில் வைத்தான்.

சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்த கம்பி. எரிந்தது. அதற்கடுத்தது. எரிந்தது. கிழவர் கைத்தடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சைலஸைத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெயினை அணைங்க!" என்று பாஸ்டர் அலறினார். யாரோ ஓடினார்கள். விளக்கு அணைந்தது.

கெடிசா பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டான். காலைத் தொங்கவிடவில்லை, மடக்கி வைத்துக்கொண்டான். மைக்கையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து ஒண்ணும் ஆகலையே மச்சான்."

"இன்னைக்குக் காலையில நான்தான் ஆக்கி வச்சேன். நீங்க அங்க முள்ளை முறிச்சீங்க, நான் இங்க வயரைப் பத்தவச்சேன். நீங்க முறிச்சது எனக்குத் தெரியல, நான் பத்தவச்சது எங்க போய் முடியும்னு உங்களுக்குத் தெரியல." சொல்லும்போதே யாசிங்குக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

கிழவர் தொண்டையைக் கனைத்தார். உயிர் பிழைத்தது உயிர் பிழைத்ததுதான், ஆனால் பேர் சொன்னது சொன்னதுதான் என்றார். பன்றி உண்டு, அதில் மாற்றமில்லை. யாசிங் தலையைக் குனிந்தபடி சரி என்றான்.

"குட்டிப் பன்றியா இருந்தா ஒத்துக்க மாட்டேன்" என்றான் கெடிசா. சிரிக்கத்தான் பார்த்தான், பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. யாசிங்கின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிடி வலித்தது.

"மச்சான், இன்னொரு தடவை கூப்பிடுங்களேன். எப்படியும் பன்றி போகப்போகுது."

யாசிங் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. மணிக்கட்டை அவன் பிடியிலேயே விட்டுவிட்டு, நனைந்த காலைத் தூக்கி அவன் பக்கத்தில் பலகை மேல் ஏறி உட்கார்ந்தான். தென்னைகளுக்கு நடுவே, பின்னல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பு வரை நனைந்தபடி, மேலிங் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றான் கெடிசா.