ஏர்கோன் தண்ணீரில் வளர்ந்த புல்

யோகேஸ்வரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பதினோரு வருடமாக ஊரெல்லாம் புல்தரை போட்டு வளர்க்கிறவள். அவளைப் பார்த்து, அத்தனை வேலையாட்கள் முன்னாலும், செடெனாக் ஆட்டுப் பண்ணையின் மானேஜர் ஹேமநாதன் கேட்கிற கேள்வியா இது?

"மூணு மூட்டை ரைகிராஸ் விதை எங்கக்கா? வெளிய வித்துட்டீங்களா? இங்க முழுக்க நம்ம ஊரு கவ்கிராஸ் புல்லுதானே கெடக்கு!"

பண்ணைக்கு வருகிறவர்கள் செம்மறி ஆட்டோடு படம் எடுக்க நியூசிலாந்து மாதிரி புல்வெளி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் இவன்தான். மிதித்தாலும் தாங்கும், மேய்ந்தாலும் தாங்கும் என்று மூட்டையில் அச்சடித்திருந்ததாம். "இது குளிர்ல வளர்ற புல்லு சார், நம்ம வெயிலுக்கு நிக்காது" என்று அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

விதைத்த ஆறாம் நாள் பச்சை பிடித்தது. மூன்றாம் வாரம் மஞ்சளாகி, புழுக்கத்தில் அழுகிப் போனது. அந்த இடத்தை கவ்கிராஸ் வளைத்துக்கொண்டது. அந்த மாதம் முழுக்க மானேஜர் துரை சிங்கப்பூரில் இருந்தார். அவள் அனுப்பிய படங்களைக் காட்டினால், "புல்லுன்னா எல்லாமே பச்சைதான்லா" என்கிறார்.

"நாளைக்குள்ள விதை எங்கன்னு சொல்லணும். இல்லன்னா போலீஸ் ரிப்போர்ட்."

அவளை நம்பி வாசல் கேட் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற வீடுகள் குலாயில் இருபது இருக்கின்றன. திருடி என்று பேர் வந்தால் ஒரு கேட்டும் அவளுக்குத் திறக்காது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: காலி மூட்டைகளை அலுவலகத்துக்குப் பின்னால்தான் உதறிக் கழுவினாள்.

"வாங்க சார்" என்று விடுவிடுவென்று நடந்தாள்.

பின்சுவரில் வெயில் படுவதேயில்லை. ஹேமநாதன் அறையின் ஏர்கோன் குழாயிலிருந்து இரவும் பகலும் குளிர்ந்த நீர் சொட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புல் நின்றிருந்தது. ஒன்றை வேரோடு பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அடித்தண்டு செவப்பா இருக்கா? இலைக்கு அடிப்பக்கம் எண்ணெய் தடவுன மாதிரி மினுக்குதா? குருத்து ரெண்டா மடிஞ்சு வருதா? இதான் உங்க ரைகிராஸ். கவ்கிராஸ்னா இலை அகலமா இருக்கும், தரையோட ஓடும். இப்ப சொல்லுங்க, யாரு திருடி?"

ஹேமநாதன் குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனோ கைப்பேசியை எடுத்து நாலு படம் பிடித்தான்.

"அப்ப நம்ம ஊர்ல வளருதுதானே! நீங்கதான் சரியா பாத்துக்கல. முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுறேன். இன்னும் மூணு மூட்டை எடுப்போம்."

அவள் நேராக அவன் அறைக்குள் போனாள். ஏர்கோனை நிறுத்தினாள். ரிமோட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஈர மண்ணோடு அந்தப் புல்லை அவன் மேசைமேல் வைத்தாள். சார் என்ற சொல் அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது.

"பத்து நாள் ஏர்கோன் ஓடக் கூடாது தம்பி. நீயும் இந்தப் புல்லும் இங்கயே கெடங்க. யாரு முதல்ல வாடுறீங்கன்னு பாத்துட்டு, அப்புறம் முதலாளிகிட்ட பேசு."

பதில் சொல்ல வாயெடுத்தவன், முதலில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.