எதிர்வீட்டு டியூஷன்

என் வீட்டுக்காரர் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். ஊரார் பிள்ளைகளிடம் தேனாகப் பேசுவார். பெற்ற மகள் ஒரு வகுத்தலில் தடுமாறினால் போதும், வீடே இரண்டாகிவிடும். பொறுக்க முடியாமல், எதிர்வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் அவளைச் சேர்க்கப் போனேன். வீட்டிலேயே வாத்தியாரை வைத்துக்கொண்டு இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டால் மானம் போகுமே என்று வாசலிலேயே தயங்கி நின்றேன்.

டீச்சர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை வந்தீங்க! என் பையனை உங்க வீட்டுக்காரர்கிட்ட சேர்த்துக்கச் சொல்லுங்களேன். நான் சொல்லிக்குடுத்தா தினமும் ரகளைதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே பிள்ளைகள் வீடு மாறினார்கள். இரண்டு வீட்டிலும் சத்தம் ஓய்ந்தது.

"அப்பா சொல்லிக்குடுத்ததும் இதே கணக்குதானேடி?" என்றேன் மகளிடம்.

"அப்பா சொல்லிக்குடுத்தா அதுக்குப் பேரு திட்டும்மா. அடுத்தவங்க சொல்லிக்குடுத்தாத்தான் டியூஷன்."