நல்ல பூச்சி

கொழுந்தன் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து மாடி அறையில் குடியேறியதிலிருந்து, அந்த வீட்டில் தெரியாத விஷயம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. குழாய் ஏன் சொட்டுகிறது, குக்கர் ஏன் விசிலடிக்கவில்லை, அண்ணி தன் மருந்துக்கடையில் எந்த மாத்திரையை எந்தத் தட்டில் அடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான். அது எந்த மரத்துத் துரும்பு என்று கேட்டால் சாப்பாட்டு நேரம்வரை பேசுவான்.

அண்ணிக்காரி பேச்சை வளர்ப்பதில்லை. கடை திறக்கப் போகுமுன் வீட்டின் பின்புறம் போய்க் கத்தரிச் செடிகளைப் பார்ப்பாள். இலைகளில் செம்பழுப்பு நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு வண்டுகள் உட்கார்ந்திருக்கும். செடியைத் தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் பொத்தென்று விழும். அந்த நாடகத்தைக் கண்டால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

“திங்கும்போது மட்டும் உயிர் இருந்துச்சாக்கும்” என்று, இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர்க் குவளையைப் பிடிப்பாள்.

ஒருநாள் கொழுந்தன் காபியும் கையுமாக அங்கே வந்துவிட்டான்.

“ஐயையோ, என்ன அண்ணி பண்றீங்க? அது நல்ல பூச்சி! பொறிவண்டு. செடியில அடை அடையா ஒட்டிக்கிட்டிருக்குமே அசுவினி, அதையெல்லாம் இதுதான் சாப்பிடும்.”

“அப்புறம் ஏன் தம்பி இலையெல்லாம் இப்படி அரிச்சுக் கிடக்கு?”

“அது ஏதாவது புழுவா இருக்கும். இவங்க அதைப் பிடிக்கத்தான் வந்திருக்காங்க.”

இவங்களாம்! போன வாரம் வீட்டுக்கு வந்த மின்சாரக்காரரை ‘அந்த ஆளு’ என்றவன், வண்டுக்கு மரியாதை கொடுத்தான். கைபேசியில் படமும் காட்டினான். படத்து வண்டு மெருகேற்றியதுபோல் மின்னியது. செடியில் இருந்ததோ தூசு படிந்த மாதிரி மங்கல். அதை அவள் சொன்னாள்.

“அது வெயில்ல எடுத்த போட்டோ, அண்ணி.”

பின்வாசற்படியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷன் நுரையோடு வாயைத் திறந்தார். “அவன் நாலும் படிச்சுட்டுத்தானே சொல்றான்? விடேன்.”

அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வாரமே அவள் அம்மாவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. கூட இருக்கக் கிளம்பியவள், “தண்ணி மட்டும் ஊத்து தம்பி, போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு திரும்பி வந்து பார்த்தால், செடியில் இலையே இல்லை. இலை இருந்த இடத்தில் பழுப்பு வலைதான் தொங்கியது. நரம்பை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றிருந்தன. வலைக்கு வலை வண்டு.

“எப்படி?” என்று பின்னால் வந்து நின்றான் கொழுந்தன், பரிசு வாங்கியவன்போல. “பின்வீட்டுத் தோட்டத்துலயிருந்து ஜாம் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து விட்டேன். அந்தம்மா எவ்வளவு நல்லவங்க தெரியுமா? இன்னும் எடுத்துக்கோ, இன்னும் எடுத்துக்கோன்னாங்க.”

“சொல்லத்தானே செய்வாங்க! வீட்டுல இருக்கிற குப்பையையும் கேட்டுப் பாரு, குடுப்பாங்க.”

அவனைக் கையைப் பிடித்து இழுத்துச் செடியருகே குந்த வைத்தாள். மிச்சமிருந்த ஒரு துளிரில் ஒரு வண்டு மும்முரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அசுவினியும் இல்லை, புழுவும் இல்லை. துளிரைத் திருப்பிக் காட்டினாள். அடியில் மஞ்சள் முட்டைகள். உடம்பெல்லாம் முள்ளாக மஞ்சள் குஞ்சுகள். அவையும் தின்றுகொண்டுதான் இருந்தன.

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. “இது வேற இனமா இருக்கலாம், அண்ணி. பார்க்கிறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்” என்றான், அதையும் தானே கண்டுபிடித்தவன்போல.

“நாலு கத்தரிக்காய்க்குப் போய் ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?” என்றார் புருஷன்.

அவர்கள் இரண்டு பேர்மேலும் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும். தன்மேல்தான் ஆத்திரமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரை விழுங்கிவிட்டு வருகிறவர்களைக் கடையில் நிற்க வைத்துத் திட்டுகிறவள், கண்ணெதிரே இலையைத் தின்ற வண்டை, ஒருவன் குரலை உயர்த்திச் சொன்னதற்காக விட்டுவிட்டாளே!

அன்றே செடிகளைப் பாதித் தண்டோடு வெட்டினாள். வலை இலைகளைப் பையில் திணித்துக் கட்டினாள். தப்பித்த வண்டுகளைப் பொறுக்க அவனையும் உட்கார வைத்தாள். அவன் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்தான். ஒன்று அவன் விரலிலேயே மஞ்சள் சாற்றைப் பீய்ச்சியது. அவன் போட்ட கூச்சலில் பின்வீட்டம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அவசரமாகச் சாத்திக்கொண்டாள்.

வெட்டிய தண்டுகள் மறுபடி துளிர்த்தன. சின்னச் சின்னதாய்க் காயும் பிடித்தது. அதற்குள் கொழுந்தனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை.

“பார்த்தியா? அவன் அறிவுக்கு ஏத்த வேலை” என்றார் புருஷன் பெருமையாக.

“ஆமாங்க. யாரும் நேர்ல வந்து கேட்க முடியாது” என்று சொல்லிவிட்டு அவள் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.