வக்கீலாபீஸ் படியிறங்கிய பெண்

“அந்தப் பிள்ளை உனக்க ஆபீசுக்கு வந்தாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

சிவகாமியம்மாள் குழம்புக் கரண்டியை மகள் ஸ்ரீலட்சுமியின் தட்டுக்கு மேலே பிடித்தபடி நின்றாள். ஊற்றவில்லை. எதிரே தம்பி ஆதர்ஷ் சோற்றில் கை வைக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் பார்த்து, இரு வீட்டாருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் நேரம். பெண் ஆர்யா, பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தளவாய் பிள்ளையின் ஒரே மகள். இவர்கள் குடியிருக்கும் கரமனையிலேயே அடுத்த தெருவில் வீடு. வஞ்சியூரில் ஸ்ரீலட்சுமியின் வக்கீலாபீஸ் படியிலிருந்து ஆர்யா இறங்குவதை எப்போதோ பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, சம்பந்தப் பேச்சு காதில் விழுந்ததும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“ஆபீசுக்கு யாரு வந்தா, என்னத்துக்கு வந்தான்னு நான் வெளிய சொல்லப்பிடாதும்மா” என்றாள் ஸ்ரீலட்சுமி.

“நான் வெளியா?”



ஆர்யா வந்தது உண்மை. இந்தப் பேச்சு தொடங்குவதற்கு வெகுமுன்பே, தன் அம்மா பகவதியம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பகவதியம்மாள் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ரவிக்கையைத் தோளிலிருந்து சற்றே இறக்கிக் காட்டினாள். தளவாய் பிள்ளை கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர், கடைக்கு வருகிறவர்களிடம் அதிர்ந்து பேசாதவர். வீட்டுக்குள் வந்துவிட்டால் கை நீளும். பழைய தழும்புகளின் மேல் புதிய காயம் கன்றிப்போய்க் கிடந்தது. இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழியுண்டா என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். ஸ்ரீலட்சுமி மனு தயாரித்தாள். பகவதியம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். மகளுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆட்டோ பிடிக்க ஆர்யா முதலில் இறங்கிப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணில் பட்டது அவள் மட்டும்தான்.

“அக்கா, அவளுக்குப் பிரஸ்னம், கேஸு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. எனக்கு அது போதும்” என்றான் ஆதர்ஷ்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் அவளுக்கு இல்லையென்றால் பின்னே யாருக்கு என்று அம்மா கேட்பாள். சாயங்காலத்துக்குள் பேச்சு தெருவுக்குப் போகும், அங்கிருந்து பழவங்காடிக்குப் போகும். பெண்டாட்டி வக்கீலைத் தேடிப் போனாள் என்று தெரிந்தால் தளவாய் பிள்ளை என்ன செய்வார் என்பதற்கு அந்தத் தோளே சாட்சி. ஸ்ரீலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பாளே. வாயத் தொறக்க மாட்டேங்கா. அப்போ என்னமோ இருக்கு” என்று சிவகாமியம்மாள் மகனிடம் சொல்லிவிட்டு, குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் தளவாய் பிள்ளை கடையில் இருக்கும் நேரம் பார்த்து ஸ்ரீலட்சுமி பகவதியம்மாளுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, என் வீட்டில் எதையாவது சொல்ல எனக்கு அனுமதி தருவீர்களா என்று கேட்டாள். மறுமுனையில் அழுகைச் சத்தம்தான் கேட்டது. வேண்டாம் மக்ளே, அவருக்குத் தெரிஞ்சுபோகும் என்று அழுகைக்கு நடுவே வந்த பதிலோடு பேச்சு முடிந்தது.

ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லியனுப்பினாள் சிவகாமியம்மாள். பெண் வக்கீலாபீசுக்குப் போன கதை தரகரை முந்திக்கொண்டு தெருவெல்லாம் போய்ச் சேர்ந்தது. பெண்ணுக்கு ஏற்கெனவே ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டது என்றார்கள் சிலர். ஆகி, பிரிந்தும் விட்டாள் என்றார்கள் வேறு சிலர். வக்கீல் வீட்டுக்காரர்களே விலகிக்கொண்டார்கள் என்றால் சும்மாவா என்று கேட்டார்கள். தன் வாயிலிருந்து விழாத ஒரு வார்த்தை ஒரு பெண்ணை இப்படிச் சீரழிக்கிறதே என்று ஸ்ரீலட்சுமி கோர்ட்டிலும் பஸ்ஸிலும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

பேச்சு தளவாய் பிள்ளைக்கும் எட்டியது. அவர் மகளைக் கூடத்தில் நிறுத்தி, வக்கீலிடம் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். அடுக்களை வாசலில் பகவதியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்யா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, எனக்கு ஒருவனோடு பழக்கம் இருந்தது, ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு வழி கேட்கப் போனேன் என்று சொன்னாள். அப்படி ஒருவன் எங்கும் இல்லை.

அம்மாவும் மகளுமாக அவர்கள் மறுபடி ஸ்ரீலட்சுமியின் ஆபீசுக்கு வந்தபோது ஆர்யாவின் இடது காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அந்தக் காதில் கேட்கும் சக்தி திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எனக்கு விழவேண்டிய அடிய எனக்க மவ வாங்கிட்டா” என்றாள் பகவதியம்மாள். “பேரும் அவளுக்கே கெட்டுது. இனி நான் என்னத்த மறைக்கணும் மக்ளே? அந்தப் பேப்பர எடு.”

தன் வீட்டாரும் இதில் சம்பந்தப்பட்டுவிட்டதால் தான் இந்தக் கேஸை நடத்துவது முறையில்லை என்று ஸ்ரீலட்சுமி விளக்கினாள். அடுத்த கட்டிடத்தில் இருந்த ஜெயஷீலா வக்கீலிடம் தானே கூட்டிக்கொண்டு போனாள். பகவதியம்மாள் அங்கே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஸ்ரீலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்க அம்மைகிட்ட நீயே சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எனக்க மவ மேல ஒரு குத்தமும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

ஆர்யா நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றாள். “நீங்க ஆருகிட்டயும் சொல்லலன்னு எனக்கு அறியாம், நல்லாத் தெரியும் அக்கா” என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை ஸ்ரீலட்சுமிக்கு அப்போது உடைந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மாவையும் தம்பியையும் உட்காரவைத்து, எதையும் விடாமல் சொன்னாள். தோளைப் பற்றிச் சொன்னாள், காதைப் பற்றிச் சொன்னாள், இல்லாத அந்த ஒருவனைப் பற்றியும் சொன்னாள். சிவகாமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பகவதி எத்தனை வருஷமாக இதைத் தாங்கினாளோ என்று மனசாரத்தான் வருந்தினாள்.

“அப்போ நீ அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது, கேட்டியா” என்றாள் பிறகு. “கெட்டினவன கோர்ட்டுல ஏத்துறவளுக்க மவள நம்ம வீட்டுக்கு எப்பிடி எடுக்க?”

ஸ்ரீலட்சுமி தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்; அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.