வாசலில் நின்ற கால்

நானும் என் கணவர் மணிவேலும் ஒரே வண்டியில்தான் போனோம். செங்கம் சாலை விபத்தில் அவர் போய்விட்டார். எனக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போனது. முட்டி தப்பியதே பெரிது என்றார் மருத்துவர். பிறகு அதற்கும் ஆபத்து வந்தது.

பொய்க்காலின் மேற்பகுதியில், மிஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். வேங்கிக்கால் என்ற ஊரில் எழிலரசி என்ற பெண் காலை ஸ்கேன் செய்து, கணினியில் வடிவம் திருத்தி, த்ரீடி பிரிண்டரில் அதை அச்சிட்டுத் தருவாள். எனக்குச் செய்த இரண்டுமே மாட்டிப் பார்த்தபோது பொருந்தின. நடக்க நடக்கத் தொளதொளத்து, எலும்பு முனை அடியில் இடித்துப் புண்ணானது. இன்னொரு முறை புண் வந்தால் முட்டிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஸ்கேனுக்குப் போன அன்று மின்சாரம் இல்லை. ஒரு மணி நேரம் பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழிலரசி பழைய அளவுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போன் பேச வெளியே போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே செருப்புகளுக்கு நடுவே, ஷூ போட்டபடி, என் பொய்க்கால் சுவரில் சாய்ந்திருந்தது.

"அக்கா, எப்பவும் இத இங்கதான் வுட்டுட்டு வருவீங்களா?"

"உள்ள சாமி படம் இருக்குதே. ஷூவோட எப்படிம்மா வர்றது? ஷூவ மட்டும் கழட்டுனா பின்னால சாயுது."

ஊன்றுகோலோடு நான் உள்ளே வருவதைப் பார்த்து, கால் மாட்டாமலே ஆட்டோவில் வருகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"செருப்ப கழட்டுங்கன்னா காலையே கழட்டிட்டீங்க," என்றாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "சாக்கெட் இறுக்கமில்லாம தொங்கப்போட்டா கால் வீங்கிடும்க்கா. ரெண்டு தடவையும் வீங்குன காலுக்குத்தான் அளவெடுத்திருக்கேன். நான் கேக்காதது என் தப்பு."

ஈரத்துணியால் ஷூவின் அடியை அவளே துடைத்தாள். வீக்கம் வடிய, அந்தக் காலை மாட்டி சாமி படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் என்னை நடக்கவைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மின்சாரம் வந்ததும், கழற்றிய கையோடு ஸ்கேன் செய்தாள்.

அடுத்த வாரம் புது சாக்கெட்டை மாட்டிக் காலையிலிருந்து மதியம் வரை நடந்தேன். கழற்றியபோது எலும்பு முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. பத்து நிமிடத்தில் மறையவில்லை என்றால் இதுவும் உதவாது என்றாள். போனில் நேரம் குறித்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

நாலு நிமிடம். சிவப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் மணிவேல் இருந்தால் கையைப் பிடித்திருப்பேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது நிமிடம் ஓரம் வெளுத்த மாதிரி இருந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. எட்டாவது நிமிடம் எழிலரசி விரலால் அழுத்தி எடுத்தாள்.

"செவப்பு எங்க இருந்துச்சின்னு காட்டுங்கக்கா."

தேடினேன். எனக்குத் தெரியவில்லை.